கழுவி அனுப்பிய தயிர்ச் சட்டி

1. முத்திரையை உடைத்தபோது

அரக்கு முத்திரையை உடைத்துப் பார்சலைத் திறந்தேன். துளி தயிர் ஒட்டாமல் தேய்த்துக் கழுவிய தயிர்ச் சட்டி ஒன்று இருந்தது. அதற்குள் வாழையிலையில் பொதிந்த தொதல், நாலு துண்டு. அரசாங்க ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் நஞ்சு தேடியவள் நான். நஞ்சு வழக்கோடு பலகாரம் வந்தது அன்றைக்குத்தான்.

வழக்கைச் சொல்கிறேன். குறிஞ்சாக்கேணியில் ஒரு கல்யாண வீடு. மத்தியானச் சாப்பாடு முடிய விருந்தாளிகள் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். நல்ல காலம், ஒருவரும் சாகவில்லை. கடைசியாகச் சாப்பிட்டது தயிர். தயிர் கொடுத்தவர் அதே ஊர் எருமைக்காரர் ஹனீபா. அவருடைய எருமை கல்யாண வீட்டு வேலியைப் பிரித்ததில் இரண்டு வீட்டுக்கும் ஏற்கெனவே சண்டை. பிறகென்ன, தயிரில் பூச்சிமருந்து கலந்துவிட்டார் என்று பொலிசுக்கு முறைப்பாடு போனது. மனுசன் விளக்கமறியலில். 'ஹனீபாட தயிர வாங்காதீங்க' என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு ஊர் முழுக்கச் சுற்றியது. எட்டு எருமையின் பால் வீட்டில் புளித்துக்கொண்டிருந்தது. அடுத்த தவணைக்குள் எங்கள் அறிக்கை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அவர் வெளியே வருவது அதில்தான் இருந்தது.

பார்சல் அனுப்பிய சார்ஜன்ட் பரமலிங்கத்துக்குப் போன் எடுத்தேன். கிளிவெட்டி ஆள், பழுதில்லாத மனுசன்.

"சார்ஜன்ட், இந்தச் சட்டியை ஆர் கழுவினது?"

"கல்யாண வீட்டு அம்மாதான் மெடம். சட்டியைத் தாங்கோ எண்டு கேட்டனான். உள்ளுக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்து தந்தவ."

"நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்களோ?"

"இல்லை மெடம், தேத்தண்ணி தந்தவ. குடிச்சுக்கொண்டு இருந்தனான்."

"அப்ப தொதல்?"

"அது சட்டிக்குள்ள இருந்தது. சான்றுப் பொருளில நான் கை வைக்கக் கூடாதுதானே. அப்பிடியே சேர்த்துச் சீல் வச்சிட்டன்."

பொருட்பட்டியலில் அவர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'கபில நிற, ஒட்டும் தன்மையுள்ள சந்தேகப் பொருள், துண்டு 4.' பட்டியலில் வந்ததைப் பார்க்காமல் விட ஏலாது, அதையும் டெஸ்ட் பண்ணுங்கோ என்றார் எங்கள் ஆய்வுகூடப் பெரியவர். பண்ணினோம். தேங்காய்ப்பால், அரிசிமா, சர்க்கரை. மேசையெல்லாம் நெய் வாசம். ருசி பார்க்கிற முறை எங்கள் வேலையில் இல்லை என்று அன்றைக்கு எனக்கு மெய்யாகவே கவலையாக இருந்தது.

2. 'காணவில்லை' என்று எழுதுவது

மண் சட்டி எதையும் உள்ளே இழுத்து வைத்திருக்கும். அந்த நம்பிக்கையில் அடிப்பக்கத்தை உடைத்து, அரைத்துப் பார்த்தோம். பால் கொழுப்பு இருந்தது, சவர்க்காரம் இருந்தது, பூச்சிமருந்து இல்லை. ஆனால் கழுவிய சட்டியை வைத்து 'நஞ்சு காணப்படவில்லை' என்றுதான் எழுதலாம். 'தயிரில் நஞ்சு இருக்கவில்லை' என்று எழுத முடியாது. கழுவும்போது போயிருக்கும் என்று எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் மடக்கிவிடும். இந்த இரண்டு வசனத்துக்கும் நடுவில்தான் ஹனீபா மறியலில் இருந்தார். எனக்கு வந்த கோபத்தில் தொதல் ஃபைலைத் தூக்கி அலுமாரிக்குள் எறிந்தேன்.

மிச்சம் இருந்தது ஆஸ்பத்திரி அனுப்பிய வாந்தி மாதிரிகள். அவற்றிலும் பூச்சிமருந்து இல்லை. உலோகம் பார்க்கிற மெசினில் போட்டபோது சிங்க் என்ற துத்தநாகம் மட்டும் அளவுக்கு மிஞ்சிக் காட்டியது. எல்லா மாதிரியிலும் அதே கதை. சிங்க் வயிற்றுக்குள் அதிகம் போனால் வாந்தி வரும். எருமை சிங்க் கறக்காது. அப்படியென்றால் அது வேறெங்கோ இருந்து வந்திருக்க வேண்டும். கல்யாண வீட்டுக்கு நேரே போய்ப் பார்க்கப் பெரியவரிடம் அனுமதி வாங்கினேன்.

3. கிணற்றடியில்

ஜீப்பில் கிண்ணியாப் பாலம் தாண்டும்போதே சார்ஜன்டுக்குச் சொல்லிவிட்டேன். "அங்க போய் ஒரு சாமானையும் வாய் திறந்து கேக்கக் கூடாது. கேட்டால் கழுவிப்போடுவினம். கண்டவுடன எடுக்கோணும்."

"விளங்குது மெடம்."

கல்யாணப் பெண்ணின் தாய் சபீனா எங்களைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். ஏன் சட்டியைக் கழுவினீர்கள் என்று கேட்டேன்.

"என்ன கத இது மிஸ்? அரசாங்கத்துக்கு ஊத்தச் சட்டி அனுப்பச் சொல்றீங்களா? எங்கட மானம் என்னாகிற? வெறும் ஏனமாக் குடுக்கவும் ஏலாதே, அதான் தொதல் வச்சன். நல்லா இருந்திச்சா?"

"நெய் கொஞ்சம் கூட," என்றேன். வேறென்ன சொல்ல. "வந்த ஆக்களுக்கு முதல்ல என்ன குடுத்தீங்கள்?"

"தேசிக்காய்த் தண்ணி. முதல் நாள் ராவைக்கே கரைச்சு வச்சிட்டன். கல்யாணத்துக்கெண்டே டவுண்ல வாங்கின புது வாளி, வெள்ளி மாதிரி மினுங்கும்."

சிங்க் பூசிய வாளி. தேசிக்காய் என்கிற எலுமிச்சையின் புளிப்பு இரவு முழுக்க அதை அரித்து, சிங்க் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். கண்டுபிடித்த அவசரத்தில், சார்ஜன்டுக்குப் புத்தி சொன்ன நானே வாயைத் திறந்துவிட்டேன்.

"அந்த வாளியைத் தாங்கோ!"

சபீனாவின் முகம் வெட்கத்தில் சிவந்தது. "அல்லாஹ், அது கழுவல்லையே. இரவல் வாங்கின ஏனமெல்லாம் அண்டைக்கே கழுவிக் குடுத்திட்டன். இது எங்கட வாளிதானே எண்டு பின்னுக்குப் போட்டுட்டன். இருங்க மிஸ், ஒரு நிமிசம்!"

சொல்லிக்கொண்டே ஓடினார். நாங்கள் எழும்புவதற்குள் வாளி கிணற்றடியில். கையில் தேங்காய்த் தும்பு. சார்ஜன்ட் தேத்தண்ணிக் கோப்பையை என் மடியில் கவிழ்த்துவிட்டுப் பாய்ந்தார். போனவர் வாளியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு சேற்றில் குந்திவிட்டார்.

"அம்மா, விடுங்கோ! இதில தண்ணி பட்டால் ஹனீபாவுக்கு வெளியில வர ஏலாது!"

சபீனாவின் கையிலிருந்து தும்பு விழுந்தது. வாளிக்குள் காய்ந்த தேசிக்காய்க் கோதும் எறும்பும் கிடந்தன. தண்ணீர் நின்ற மட்டத்துக்குக் கீழே மினுக்கம் போய், வெள்ளையாகப் பூத்திருந்தது.

"அப்ப தயிர்ல ஒண்டுமில்லையா?" என்று கேட்டார் சபீனா. நான் காரணத்தைச் சொன்னேன். அப்படியே இருந்து அழத் தொடங்கிவிட்டார். "நானா மிஸ் எல்லாருக்கும் நஞ்சு குடுத்த? அந்த மனுசன மறியல்ல போட்டுட்டமே."

தெரியாமல் நடந்தது என்று தேற்றினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "வாளிய வெறுமையாவா கொண்டு போறீங்க? கொஞ்சம் நில்லுங்க."

சார்ஜன்ட் வாளியோடு ஜீப்புக்கு ஓடினார்.

4. திருப்பிக் கொடுத்தது

வாளியில் காய்ந்திருந்ததிலும் அதே சிங்க் இருந்தது என்று அறிக்கை எழுதினோம். அடுத்த தவணைக்கே ஹனீபா விடுதலையானார். இரண்டாம் நாள் ஆய்வுகூடத்து வாசலில் வந்து நின்றார்.

"என்ர சட்டி எங்க மிஸ்?"

அதைத்தான் நாங்கள் உடைத்து அரைத்துவிட்டோமே. அவரைப் பிறகு வரச் சொல்லிவிட்டுச் சந்தையில் ஒரு புதுச் சட்டி வாங்கினேன். வெறுமையாகக் கொடுக்க மனம் வரவில்லை. சார்ஜன்ட் நீதிமன்றத்திலிருந்து எங்கள் அறிக்கையின் அத்தாட்சிப் பிரதி ஒன்று எடுத்து வந்தார். அதை மடித்து உள்ளே வைத்துக் கொடுத்தேன்.

"இதில என்ன எழுதியிருக்கு?"

"வாந்தி வந்தது வாளியால. உங்கட தயிரில பிழையில்லை."

"இன்னொருக்காச் சொல்லுங்க மிஸ்."

சொன்னேன். அவர் கடதாசியைச் சேட்டுப் பையில் வைத்து, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு போனார்.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எங்கள் சனத்திடம் ஒரு பாத்திரத்தைக் கேட்க முதல், அதைக் கழுவவேண்டாம் என்று சொல்லுங்கள். தேத்தண்ணியைப் பிறகு குடியுங்கள். என்னைப் போல எல்லாம் தெரிந்த ஆள் கூட வந்தால் இன்னும் கவனமாக இருங்கள்.

ஹனீபா அந்தப் பிரதிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுத் தயிர்க் கடை வாசலில் தொங்கவிட்டார். அதன் பிறகு முதல் சட்டி வாங்கியது சபீனாவாம். இரண்டு நாளில் சட்டியைக் கழுவி, உள்ளே தொதல் வைத்துத் திருப்பிக் கொடுத்தாராம். அது சான்றுப் பொருள் இல்லை. ஆகவே கழுவியது பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.