யாமிலே எழுதாமல் விட்ட வரி

மெடெல்லினில் கிளினிக்குகளுக்கு முன்பதிவு சாஃப்ட்வேர் செய்து தரும் கம்பெனி எங்களுடையது. நாற்பது பேர் எழுதும் நிரல்களையும் கிளினிக்குகளுக்கு வெளியிட ஒரே வழி யாமிலே அக்கா. அவர் ஒன்பது வருடமாக ஒட்டுப்போட்டுக் கட்டிய புரோகிராம்கள்தான் எங்களைக் காப்பாற்றின. "அக்கா, இதை மட்டும் அனுப்பிடுங்க" என்று ஒரு காபியை நீட்டினால் போதும்.

மேலாளர் வில்மாருக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு ஆளை நம்பி கம்பெனி நடத்த முடியாதுங்க. இந்த வேலையைத் தானா செய்யற சாஃப்ட்வேர் தளம் ஒண்ணு வாங்கிடுவோம். எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

தன் வேலைக்கு உலை வைப்பதைத் தானே பொறுக்கியெடுக்க வேண்டும். நானாக இருந்தால் எல்லாம் குப்பை என்றிருப்பேன். அக்கா மூன்று தளங்களை இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்தார். தான் கையால் செய்வதையெல்லாம் பட்டியல் போட்டார். நூற்றுப் பதினாறு வரி. அத்தனையையும் செய்தது ஒரு தளம்தான். அதையே வாங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பொய் சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னா, நாளைக்கு அதோட மாரடிக்கப்போறது நீதானடா யெய்சன்."

அந்தப் பட்டியலில் அவர் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. திங்களும் லீவாக வரும் வார இறுதிகளில், செவ்வாய் வரை எதுவும் வெளியே போகாதபடி வெள்ளி மதியமே அக்கா சத்தமில்லாமல் எல்லாவற்றையும் பூட்டிவிடுவார். ஊரே கிளம்பும் நாள். எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதுவார்கள்?

நவம்பரில் அப்படியொரு வெள்ளி. அதற்குள் வெளியிடும் வேலை அக்கா கையிலிருந்து புதுத் தளத்துக்குப் போயிருந்தது. செவ்வாய் வரை எப்படியும் பூட்டுக்குள் கிடக்கும் என்று, பாதி வேலையிலேயே அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு நான் குவாத்தபே ஏரிக்குப் போய்விட்டேன். பழக்கதோஷம். பூட்டத் தெரியாத புதுத் தளம் அதை உடனே வெளியிட்டது. மூன்று நாள் முன்பதிவு ஓடவில்லை. டயாலிசிஸுக்கு வந்தவர்கள் வாசலில் நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை வில்மார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "வேலையை முடிச்சுட்டுத்தானே அனுப்புன?"

"முடிச்சுட்டுத்தான் சார்."

அக்கா நான் பாதியில் விட்டதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. அதற்காக இன்றும் அவர்மேல் எனக்குக் கோபம், என்மேல் அதைவிட.

"அப்ப தப்பு தளத்துல, அதைப் பொறுக்குன பட்டியல்லதான்," என்றார் வில்மார் அக்காவிடம். "கையெழுத்து உங்களோடது."

அன்று மாலையே அக்காவை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவர் நாற்காலி இப்போது எனக்கு. நூற்றுப் பதினேழாவது வரியை நான்தான் சேர்த்தேன்: நீண்ட விடுமுறைக்கு முன் பூட்டவும். வில்மார் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கைதட்டினார்கள். நான் நன்றி சொன்னேன்.