என் கம்ப்யூட்டருக்கு ஒரு சார்

கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். கும்பகோணத்து ஸ்டுடியோ ஒன்றிலிருந்து போட்டோக்கள் வரும். பாபநாசத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக அடுக்கி அனுப்புவேன். ஆவணி முகூர்த்தங்கள் குவிந்திருந்த நேரம் பார்த்து என் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஆன் செய்துவிட்டுப் போய் உலை வைத்து, அரிசி களைந்து போட்டுவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "இன்னொரு தடவ லேட்டானா வேற ஆளப் பாத்துக்கறேம்மா" என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார்.

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். பழைய ஹார்ட் டிஸ்க். அதில் இடம் இருந்தது, வேகம்தான் இல்லை. வேகமாக ஓடும் எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று வாங்கி அதில் விண்டோஸை ஏற்றி, ரேமையும் கூட்டினால் போதும். முடிந்த ஆல்பங்கள் பழையதிலேயே கிடக்கட்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு, கணவரின் பைக்கில் தஞ்சாவூருக்குப் போனேன். வினை அங்கேதான் காத்திருந்தது.

கடைக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "சொல்லுங்க சார், சாருக்கு என்ன யூஸ்?"

சாருக்கு அந்தப் பெட்டியை ஆன் செய்யக்கூடத் தெரியாது. அவர் விவசாயி. நான்தான், "எஸ்எஸ்டி வேணுங்க, ஐநூறு ஜிபி போதும்" என்றேன். கடைக்காரர் என் கணவரைப் பார்த்து, "அதே காசுக்கு நாலு மடங்கு இடத்தோட ஹார்ட் டிஸ்க்கே இருக்கு சார்" என்றார். "இடம் வேணாங்க, வேகம் வேணும்" என்றேன். சுவரிடம் சொல்லியிருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும்.

அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை வரும்வரை நெல் மூட்டைகள் என் நாற்காலிக்குப் பின்னால்தான் அடுக்கிக் கிடக்கும். இடம் என்றால் எவ்வளவு இருந்தாலும் என் கணவருக்குப் பற்றாது. "பெருசாவே குடுங்க, அடுத்த போகத்துக்கும் ஆகும்ல" என்றார். போகமாம்! கல்யாண போட்டோவுக்குக் குறுவை, சம்பா எங்கே வந்தது? நடுக்கடையில் புருஷனை மறுத்துப் பேசினால் அவருக்குத் தலைகுனிவு என்று வாயை மூடிக்கொண்டேன். பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது.

கடையிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஆன் செய்தேன். அதே வட்டம், அதே சுற்று. இடம் மட்டும் கடலாகக் கிடந்தது.

"ஏரிய அகலமா வெட்டிட்டு மதக விரக்கடை அளவுக்கு வெச்சா, வயலுக்குத் தண்ணி எப்பங்க வரும்?" என்று கத்தினேன்.

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "இத அங்கயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சொன்னேனே! இரண்டு ஆம்பளைகளுக்கு நடுவில் நின்று, தொண்டை வலிக்கச் சொன்னேனே! அவர் காதில் விழவில்லை என்பதைவிட, நான் சொல்லவே இல்லை என்று அவர் மனசார நம்பியதுதான் என்னைச் சுட்டது.

மறுநாள் சிபியுவைக் கட்டைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு தனியாக பஸ் ஏறினேன். "சார் வரலையாம்மா?" என்றார் கடைக்காரர்.

"சாருக்கு வயல்ல வேல. கம்ப்யூட்டர் என்னோடது. என்கிட்ட பேசுங்க."

எஸ்எஸ்டியும் ரேமும் ஏறின. விண்டோஸ் ஏற்றி முடித்ததும் என் கண் முன்னாலேயே ஆன் செய்யச் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் திரை வந்துவிட்டது. இந்த வாரத்து ஆல்பம் போய்விடும். அப்போதும் கோபம் தணியவில்லை.

அவர் பில் போட உட்கார்ந்தார். "வாரண்டிக்கு சார் பேரு சொல்லுங்க."

என் பெயரைச் சொன்னேன். அதைக் கீபோர்டில் தட்டிவிட்டு, "சாரோட இனிஷியல்?" என்றார்.

"வாங்கறது நான். என் பேரு மட்டும் போடுங்க."

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.