ஐந்து கிலோ அறுநூறு சுண்ணாம்புக் கல்

சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் பட்டதும் முதலில் சொய்யென்று ஒரு சத்தம், அப்புறம் மூக்கைச் சுள்ளென்று கடிக்கும் சூட்டு வாடை. பிளஸ் டூ படித்த அந்த டிசம்பரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

துபாய்க்கு வேலைக்குப் போன அப்பா மூன்று வருஷம் கழித்துக் கிறிஸ்துமஸுக்கு வருகிறார் என்று தெரிந்த நாள் முதல் அம்மாவுக்கு ஒரே கவலை, வீடு வெளுத்திருக்க வேண்டும். விட்டுப்போன மாதிரியே எல்லாம் இருக்கிறதென்று அவர் நினைக்க வேண்டுமாம். கல் வாங்க என்னைத் திருவிடைமருதூர்க் கடைக்கு அனுப்பினாள். நானோ வேதியியல் பாடத்தில் வினைவிளைபொருளின் நிறை காணும் கணக்கில் பித்துப் பிடித்து அலைந்த நேரம். ஐம்பத்தாறு பங்கு சுட்ட சுண்ணாம்பு, பதினெட்டுப் பங்கு தண்ணீர், எழுபத்துநான்கு பங்கு நீற்றிய சுண்ணாம்பு. கணக்கு சுலபமாக வர வேண்டுமென்றே ஐந்து கிலோ அறுநூறு கிராம் கேட்டேன். கடைக்காரர் பார்த்த பார்வை இருக்கிறதே!

கல்லை "நீத்துறதுக்கு", அதாவது வேகவைத்துப் பொடியாக்க, அம்மா தவலை நிறையத் தண்ணீர் வைத்திருந்தாள். நான் விடவில்லை. ஒன்று புள்ளி எட்டு லிட்டர் போதும், ஏழு கிலோ நானூறு வரும், பந்தயம் என்றேன். கல்லுக்கும் தாகம் இருக்கும்டி என்று முனகினாலும், படிக்கிற பிள்ளை சொல்கிறாளே என்று விட்டுக்கொடுத்தாள். ஊற்றியதுதான் தாமதம், என் தண்ணீரில் பாதி புஸ்ஸென்று ஆவியாகிக் கொல்லைப்பக்கம் போய்விட்டது. அப்படிப் போகிற தண்ணீருக்கு என் சமன்பாட்டில் இடமே இல்லை. மிஞ்சியது அரைகுறையாக வெந்த பொடியும் கட்டியும். மறுநாள் காலை அப்பா வருகிறார்; ஊறவைக்கவோ வடிகட்டவோ நேரமில்லை. மேலும் தண்ணீர் விட்டுக் கலக்கி, இருட்டுவதற்குள் இரண்டு பேருமாக வெள்ளையடித்து முடித்தோம்.

காலையில் வீடு பளிச்சென்றுதான் இருந்தது. அப்பாதான் வேற்றாளாக இருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபிக்கு "தேங்க்ஸ்" சொன்னார். அம்மாவும் விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி சாப்பிடுங்க என்பதோடு நிறுத்திக்கொண்டாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. மத்தியானம் சுவரோரம் பாய் போட்டுத் தூங்கி எழுந்தவரின் தலையெல்லாம் வெள்ளை. நீறாத துணுக்குகள் சுவரின் ஈரத்தில் மெதுவாக நீறி, பொரிந்து, உதிர்ந்திருந்தன. கண்ணாடியைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். அம்மா முந்தானையால் தட்டிவிட்டபடியே சொன்னாள்.

"பயப்படாதீங்க, நரை இல்ல. உங்க பொண்ணு போட்ட கணக்கு."

அப்பா சிரித்தார். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. திரும்பிப் போகும் வரை தினமும் அந்தச் சுவரோரமே படுத்தார். தினமும் அம்மா தட்டிவிட்டாள்.

இப்போது அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று, ஒரு பொட்டுகூட உதிர்வதில்லை. கல் விற்ற கடையில் செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். அம்மா போனபின் இது இரண்டாவது கிறிஸ்துமஸ். துபாயை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்ட அப்பா, மத்தியானம் அதே சுவரோரம் தூங்கி எழுந்து, நிஜமாகவே நரைத்துப்போன தலையைத் தானே ஒருமுறை தட்டிவிட்டுக்கொண்டார்.