ஒரு முழம் பின்னால்

மீட்டர்காரருக்கு அடுத்த மாதத்தோடு வேலை முடிகிறது. முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி, மின்சார மீட்டரைப் பார்த்து அட்டையில் எண் எழுதியவர். மாடிப்படிக்கு அடியிலோ உடைந்த சைக்கிளுக்குப் பின்னாலோ, மீட்டர் எங்கே ஒளிந்திருந்தாலும் டார்ச் அடித்து ஓர் எண் பிசகாமல் படித்துவிடுவார். தெருநாய்கள்கூட அவர் செருப்புச் சத்தத்துக்குத் தலையைத் தூக்காது.

இனி காலையில் எழுந்து என்ன செய்வது என்று யோசித்தவர், பீரோ அடித்தட்டிலிருந்து பழைய ஃபிலிம் கேமராவை எடுத்தார். கல்யாணமான புதிதில் வாங்கிய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா அது. பார்ப்பதற்கென்று தனியாக ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதில் முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானதும் அமுக்க வேண்டியதுதான். கேமரா நன்றாகத்தான் இருந்தது. லென்ஸுக்குள்தான் பூஞ்சை வேர்விட்டுப் படர்ந்திருந்தது.

கையைக் கடிக்காத விலையில் ஒரு பழைய லென்ஸ் தேட வேண்டும் என்றதும் மனைவி ஆல்பத்தைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

"முதல்ல இதைப் பாத்துட்டு அப்புறம் தேடுங்க. இதுல நான் எங்க இருக்கேன்னு காட்டுங்க."

"இதோ நீதானே?"

"இது நானா? அடுப்புப் புகை."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. அந்த லென்ஸ் கிட்டத்தில் எடுத்தால் எதிரே இருப்பவரை விட்டுவிட்டு, ஒரு முழம் பின்னால் இருப்பதைத்தான் பிடிக்கும். மகள் பள்ளிக்கூடம் போன முதல் நாள் படத்தில் பிள்ளை மங்கல், பின்சுவரில் சுவிட்சுப் பலகை பளிச். குடியிருந்த வாடகை வீடுகள் எல்லாம் அப்படியே இருந்தன. துணிக்கொடியில் முனை உடைந்த கிளிப், ஒழுகுகிற குழாயில் கட்டிய துணி, விரிசலுக்கு மேல் பூசிய நீலச் சுண்ணாம்பு. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அவருக்கு அந்த வீடுகளின் வாசனையே மூக்கில் ஏறியது.

ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது. மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், முகம் தெரியவில்லை. நாற்காலிக்குப் பின்னால், திரையை ஒதுக்கிக்கொண்டு எட்டிப்பார்க்கிற அவருடைய அம்மா. கேமராவைக் கண்டாலே ஓடி ஒளிகிறவள். அன்று அகப்பட்டுக்கொண்டாள். நரைமுடி ஒவ்வொன்றையும் எண்ணலாம். அம்மா போன பிறகு வீட்டில் மாட்டியிருப்பது அந்தப் படத்திலிருந்து வெட்டி எடுத்ததுதான்.

மறுநாள் இருவரும் கேமரா பழுதுபார்க்கும் அம்மாளிடம் போனார்கள். காகிதக்கடைக்கு மேலே ஒற்றை அறை. அவள் மூன்று லென்ஸை எடுத்துத் துணிமேல் வைத்தாள். ஒன்று விலை கேட்டதுமே ஒதுங்கிவிட்டது. மற்ற இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை.

"இது உங்ககிட்ட இருந்த அதே ஜாதி, அண்ணே. இன்னொண்ணுக்கு முன்கண்ணாடியில கீறல். வெயிலைப் பாத்து எடுத்தா படம் வெளுத்துடும். மத்தபடி தங்கம்."

"பழசே இருக்கட்டும். கைக்குப் பழகினது."

"அவசரப்படாதீங்க. அண்ணி, அந்த ஸ்டூல்ல உட்காருங்க."

கேமராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடுகிற இடத்தில் ஒரு பால்கண்ணாடித் துண்டை வைத்தாள். பழைய ஜாதி லென்ஸைப் பூட்டினாள். அவர் ஜன்னல்வழியே பார்த்துத் திருப்பினார். மனைவியின் கண்கள் அழகாக ஒன்று சேர்ந்தன. "இப்ப பின்னால பாருங்க," என்றாள் கடைக்கார அம்மாள். பால்கண்ணாடியில் மனைவி தலைகீழாக, மங்கலாக இருந்தாள். அவளுக்குப் பின்னால் அலமாரியிலிருந்த பசைப்புட்டியின் எழுத்துத்தான் தெளிவாக இருந்தது.

"மரை ஒண்ணுதான், அண்ணே. அதனால பூட்டிக்குது. ஆனா இது வேற கம்பெனி கேமராவுக்குச் செஞ்சது, தூரக் கணக்கு வேற. ஜன்னல் ஒண்ணு சொல்லும், ஃபிலிம் ஒண்ணு சொல்லும்."

கீறல் விழுந்ததை மாட்டிப் பார்த்தார்கள். ஜன்னலில் சேர்ந்த கண்கள் பால்கண்ணாடியிலும் கண்களாகவே இருந்தன. ஆனாலும் அவர் கை பழைய ஜாதியைத்தான் உருட்டிக்கொண்டிருந்தது.

மனைவிக்கு அவர் மனசு தெரியாதா? ஸ்டூலிலிருந்து எழாமலே சொன்னாள்.

"அத்தை படத்துல விழுந்தது எனக்கும் சந்தோஷம்தாங்க. தினம் கும்பிடறேன். ஆனா நான் எப்ப விழறது? நானும் போன பிறகு எதை மாட்டுவீங்க, பசைப்புட்டியையா?"

பழுதுபார்க்கும் அம்மாள் சட்டென்று குனிந்து, துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தாள். மீட்டர்காரர் பழையதைத் துணிமேல் வைத்தார். வைத்த பிறகும் இரண்டு விரல் அதன்மேல் கொஞ்சம் தங்கியது. பிறகு, "கீறல் விழுந்ததையே கொடும்மா," என்றார்.

வீட்டு ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, வெயில் தன் முதுகுப்பக்கம் வரும்படி நின்று எடுத்தார். பத்து நாளில் படம் கழுவி வந்தது. மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கடவுள் கொடுத்த முகம். பரவாயில்ல."

அவர் வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"உனக்கு இடது கண்ணு கொஞ்சம் சின்னதா இருக்கே."

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"பிறந்ததுலேர்ந்து."

படத்தை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டு, ஆல்பத்தில் ஒட்டக் கோந்து தேடி அவள் உள்ளே போனாள். நேரில் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று அவரும் எழுந்து பின்னாலேயே போனார்.