எல்லா நாடும் ஒத்துக்கொண்ட சாப்பாடு

செருப்பு வார் காலில் பதிந்ததுதான் முதல் அறிகுறி. தறிக் கொட்டகையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றி வெகுநேரம் ஆகியும் என் கணவரின் பாதத்தில் அந்தப் பள்ளம் மேலெழவில்லை. வெயில் என்றார். நானும் வெயில் என்றே நினைத்தேன்.

கோயம்புத்தூரில் ரத்தம் சோதித்தபோது கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருந்தது. சிறுநீரகம் பெரும்பகுதி போய்விட்டது என்றார் மருத்துவர். உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு, மற்றதை உணவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

ஆலோசகர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். எனக்கு அன்று பத்தாம் வகுப்பு. சூலூரில் சமூக அறிவியல் டீச்சர் நான். உலகப் படத்தைப் பார்க்காமல் வரைகிறவளுக்கு ஒரு சாப்பாட்டு அட்டவணை போடத் தெரியாதா? திமிர்தான், வேறென்ன.

மக்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு நாட்டு அரசும் வெளியிட்ட வழிகாட்டிகளைத் தேடினேன். ஜப்பான் அதைப் பம்பரமாக வரைந்திருக்கிறது, சீனா அடுக்குக் கோபுரமாக. கனடாவின் தட்டில் பாதி காயும் பழமும். பிரேசில், நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடு என்கிறது. பாலில் ஒத்துப்போகவில்லை, தானியத்தில் ஒத்துப்போகவில்லை. ஆனால் உப்பைக் குறை, காய்கறி பழத்தைக் கூட்டு என்பதில் நம் நாடு உட்பட எல்லாரும் ஒன்று. இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று ஒரு பொதுப்பட்டியல் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.

அவருக்கு உயிரான அரிசியும் பருப்பும் சோறு (இரண்டையும் ஒன்றாக வேகவைப்பது) வாரம் ஒருநாளாகச் சுருங்கியது. தினமும் கீரை, தக்காளி, வாழைப்பழம். சாதா உப்புக்குப் பதில் சோடியம் குறைந்த உப்பு. போதாததற்கு, நோயாளியைப் பார்க்க இளநீரோடு வருவது எங்கள் பக்கத்து மரியாதை. பொள்ளாச்சிச் சம்பந்தி வீட்டார் குலையாகவே இறக்கிவிட்டுப் போனார்கள். வேண்டாமென்றால் முகம் சுருங்கிவிடும். நான் வேண்டாமென்று நினைக்கவும் இல்லை.

ஆறாவது வாரம் ஒரு காலையில் அவரால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. அவசரப் பிரிவில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். பொட்டாசியம் (அளவு மீறினால் இதயத்தை நிறுத்திவிடும் தாது) எல்லை தாண்டியிருந்தது. என்ன சாப்பிடுகிறார் என்று கேட்ட இளம் மருத்துவரிடம் இளநீரையும் சொல்லி, செல்பேசியில் படமெடுத்து வைத்திருந்த பட்டியலைக் கொஞ்சம் பெருமையாகவே நீட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார்.

“மேடம், இது நல்லா இருக்கறவங்களுக்குங்க. இவருக்கு இதுல பாதி விசம். கீரை, வாழைப்பழம், எளநீரு எல்லாத்துலயும் பொட்டாசியம். அந்த உப்பே பொட்டாசியந்தானுங்க.”

அன்றே டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கினார்கள். அது நிற்கவில்லை. என்னால்தான் சீக்கிரம் வந்ததா என்று பெரிய மருத்துவரிடம் கேட்டேன். எப்படியும் வந்திருக்கும், எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்காகச் சொன்னார். எனக்கு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த வழிகாட்டிகளைத் திரும்பத் திறந்தேன். நலமாக இருப்பவர்களுக்கு என்று சிலவற்றில் முன்பக்கத்திலேயே இருந்தது. நான் படத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். பாடத்தைப் படிக்காத பிள்ளைகளை எத்தனை முறை வெளியே நிறுத்தியிருப்பேன்.

கால் தளர்வது பத்து நாளாகவே அவருக்குத் தெரியுமாம். ஏனுங்க சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ அத்தன நாட்டையும் படிச்சு ஆக்கிப் போடறே. இதுனாலதான் ஒடம்புக்கு ஆகலீன்னு எப்படி அம்மணி சொல்றது?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வேண்டாமென்று சொல்ல விடாத எங்கள் ஊர் மரியாதை மேல் அன்றைக்கு வந்த கசப்பு இன்னும் போகவில்லை.

வீட்டில் இதே நோயை வைத்துக்கொண்டு வாசிப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: ஊருக்குப் பொதுவாக எழுதியது உங்கள் வீட்டு நோயாளிக்கு எழுதியதல்ல. அவருடைய ரத்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவரிடம் போங்கள். லீவு போட்டுப் போங்கள்.

எங்கள் வாரத்தில் இப்போது ஏழு நாள் இல்லை. இயந்திரத்துக்குப் போகும் நாள், போன களைப்பில் படுத்திருக்கும் நாள், தண்ணீரை டம்ளரில் அளந்து குடித்துக் காத்திருக்கும் நாள், அவ்வளவுதான். காயை நறுக்கி, பொட்டாசியம் இறங்க ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டுகிறேன். ருசியும் அதோடு போகிறது.

முப்பது வருடமாக, போட்டதைக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தவர். இப்போது ஒவ்வொரு புதுப் பதார்த்தத்துக்கும் கையைத் தட்டிலேயே நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறார். நான் தலையாட்டினால் சாப்பிடுகிறார். இன்னமும் என்னைத்தான் பார்க்கிறார்.