குசினித் தட்டுகள்

பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போகும் சாலையோரத்தில் இருந்தது எங்கள் வீடு. கண்டெய்னர் லோரி போகும்போதெல்லாம் குசினிச் சுவரில் அடித்திருந்த தட்டு ஸ்டாண்டு ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். எனக்கு அது பாட்டு. அந்தக் குசினியைப் பின்பக்கம் இழுத்துக் கட்டியவர் அப்பாதான். யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவார்.

எனக்கு ஏழு வயதானபோது பாட்டு கெட்டுப்போனது. ரீங்காரத்தோடு கறகறவென்று ஓர் இரைச்சலும் சேர்ந்துகொண்டது. அத்தையைப் பெண் பார்க்க வரவிருந்த நேரம் அது. வீடு ஓட்டை என்று வருகிறவர்கள் நினைத்துவிடக்கூடாதே என்று அம்மா தட்டுகளுக்கிடையே பழைய துணிகளைத் திணித்துவைத்தார். சுவரை யாரும் பார்க்கவில்லை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை, தொழிற்சாலையில் வேலை. விருந்தாளிகள் வந்து உட்கார்ந்ததும் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு ஒரு சாக்லேட்டைக் கையில் வைத்தாள்.

"தட்டெல்லாம் பாவம்லா, மூச்சு முட்டுது. துணிய உருவிடு. அம்மாகிட்ட சொல்லாத."

உருவிவிட்டேன். அவள் தேநீரோடு கூடத்துக்குப் போன சமயம் லோரி வந்தது. குசினியே கடகடத்தது. மாப்பிள்ளையின் அம்மா எடுத்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னங்க, உங்க வீட்டுல தினமும் நிலநடுக்கமா?"

"லோரிதான்க்கா, பழகிப்போச்சு," என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்துபோய் ஸ்டாண்டைப் பிடித்து இழுத்தார். ஆணியோடு கையில் வந்தது. பின்னால், விரல் நுழையும் அளவுக்கு விரிசல். சுவர் வீட்டைவிட்டு விலகி நின்றிருந்தது. அவர்கள் பலகாரத்தைத் தொடாமல் கிளம்பினார்கள். அப்புறம் பதிலே வரவில்லை. மறுவாரம் அப்பா அந்தச் சுவரை இடித்துத் தள்ளினார். அது தானாக விழுந்திருந்தால் அடுப்புக்கு முன்னால் நின்றிருப்பவர் அம்மா. ஆனாலும் அம்மா அழுதது கைநழுவிய சம்பந்தத்துக்காகத்தான்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இன்று பாலங்களிலும் துறைமுக மேடைகளிலும் கருவிகளை ஒட்டி, அதிர்வின் ஓசையை அளக்கிறேன். ஓசை மாறினால் உள்ளே எங்கோ பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது என்று அறிக்கை எழுதும்போதெல்லாம் அந்தத் தட்டுகள் ஞாபகத்துக்கு வரும். அவை சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு படிப்பு தேவைப்பட்டது.

சுவரை இடித்த அன்று மாலை, ஷிப்ட் முடிந்து போன ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டருகே வேகம் குறைந்தது. வாசலில் செங்கல் தூசியைக் கூட்டிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். தட்டுகளைக் காப்பாற்றிய சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். அந்த மோட்டார்க்காரரைப் பின்னாளில் மாமா என்று கூப்பிடப்போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.