சமயப் பாடத்தில் முதலாம் பிள்ளை

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஃப்ரிபூர்க் நகரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தேவாலயமும் அதன் அருகில் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. அவளைச் சமயப் பாடத்துக்கு விடலாமா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது யோசிக்காமல் தலையாட்டினேன். நான் யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நெற்றியில் திருநீற்றோடு ஜெபம் சொல்லி, வேதாகமப் பாடத்தில் பரிசும் வாங்கி, பின்னேரம் கோயிலுக்குப் போனவள். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

படிவத்தில் சமயம் என்ற இடத்தில் இந்து என்றுதான் எழுதிக் கொடுத்தேன். ஒளிக்கவில்லை. அது தெரிந்துகொண்டேதான் ஒரு வருஷம் படிப்பித்தார்கள். அவள் முதலாவதாக வந்தாள். வகுப்புப் பிள்ளைகள் தேவாலயத்தில் முதன்முதலாக அப்பம் வாங்கி முதல் நன்மை எடுக்கும் ஞாயிற்றுக்கிழமை, முன்னுக்கு நின்று மன்றாட்டைப் பாடமாகச் சொல்ல அவளையே தெரிவு செய்தார்கள். போட்டுக்கொள்ள வெள்ளை அங்கி ஒன்றும் கொடுத்துவிட்டார்கள். அது அவளுக்கு நீளம். ஹோட்டலில் கட்டில் விரிக்கிற வேலை முடிந்து வந்த கையோடு அதன் கரையை மடித்துத் தைத்தேன். வீட்டில் எந்நேரமும் அந்த மன்றாட்டுத்தான்.

அதற்கு முந்திய கிழமை பாதிரியார் எங்களைக் கூப்பிட்டார். எனக்குப் பிரெஞ்சு ஓடாது. அவர் சிரித்த முகத்தோடு சொல்லச் சொல்ல, மகள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள்.

“அம்மா, ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளை முன்னுக்கு நிக்கேலாதாம். சனிக்கிழமை வந்தால் அரை மணித்தியாலத்திலை முடிச்சுத் தருவினமாம்.”

“நன்மை வேண்டாம். மன்றாட்டை மட்டும் சொல்லலாமோ எண்டு கேள்.”

கேட்டாள். “அதுவும் ஏலாதாம். பின் வாங்கிலை, கடைசி வரிசையிலை, இருக்கலாமாம்.”

தன்னை வேண்டாம் என்பதை ஒன்பது வயதுப் பிள்ளை தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு மட்டும் பிரெஞ்சு தெரிந்திருந்தால் அந்த மனிதரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டிருப்பேன். அடுத்த நாளே அங்கியைக் கொண்டுபோய் அவருடைய மேசையில் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் இவர், “தண்ணியை ஊத்தட்டுமன், குளிச்சாப் போயிடும்,” என்றார். இவருக்கும் அது அரை மணித்தியால வேலைதான். அன்றைக்கு இவருக்கு நான் சோறு போடவில்லை.

மகளுடைய இடத்தில் அவளுடைய கூட்டாளியை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. கூட்டாளியைப் பார்க்க வேண்டுமென்று மகள் மட்டும் போனாள். மத்தியானம் வந்து சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னாள்:

“அவள் நடுவிலை மறந்து போனாள் அம்மா. நான் பின் வாங்கிலை எழும்பி நிண்டு சத்தமாச் சொல்லிக் குடுத்தனான். எல்லாரும் திரும்பிப் பாத்தவை.”

“ஏன் சொல்லிக் குடுத்தனீ?” என்று கத்தினேன்.

“அவள் அழப் பாத்தவள்.”

அவளுக்குக் கோபப்படத் தெரியவில்லை. அவளுடைய பங்கையும் சேர்த்து நான்தான் இன்றுவரை கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.